நித்திரை கொள்ளும் பிள்ளை நல்ல பிள்ளையா?

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்கு செய்த தாய் சேய் நல அமர்வில் ஆற்றப்பட்ட உரை. பேச்சாளர் எமது பழைய மாணவி, ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்.)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாக மேடையேறியது 1983ஆம் ஆண்டு, ஒரு நாடகத்தில் மரமாக. வசனம் இல்லாத பாத்திரம். அதனால் இன்று கொஞ்சம் நடுக்கம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா, தாய்ப்பாலின் மகத்துவம் பற்றி இருபது நிமிடம் கதையுங்கோ" என்று கேட்டார். மகத்துவம் பற்றி நான் கதைக்கமாட்டேன் என்று சொன்னேன். நமது நாட்டுப் பெண்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள். இது உலகத்தில் பல நாடுகள் பொறாமைப்படும் கணக்கு. எங்கள் பெண்களுக்கு மனம் இருக்கிறது, பாலும் இருக்கிறது. ஆனால் பால் குடிக்க வேண்டிய ஆள் வாயை மூடிக்கொண்டு நித்திரை கொண்டால் என்ன செய்வது? அதைப்பற்றித்தான் நான் கதைக்க வந்தேன். பிறந்து மூன்றாம் நாள், நான்காம் நாள், உடம்பு மஞ்சளாகி, முலையில் பிடித்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளையைப் பற்றி.

நாங்கள் மனையியல் படித்த காலத்தில் குழந்தை குளிப்பாட்டப் பழக ஒரு பிளாஸ்ரிக் பொம்மை இருந்தது, சிலருக்கு ஞாபகம் இருக்கும். படுக்க வைத்தால் கண் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வளர்ந்தவள் நான். தாதியாகப் படித்து, ஐந்து வருடம் சத்திரசிகிச்சை விடுதியில் வேலை செய்த பிறகும் அந்த எண்ணம் முழுவதாக மாறவில்லை என்பதை என் சொந்தப் பிள்ளைதான் எனக்குக் காட்டினாள்.

1995 ஒக்ரோபர் 27, வெள்ளிக்கிழமை என் மகள் பிறந்தாள். 37 கிழமையில், 2.4 கிலோ. மறுநாளே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். யாரையும் குறை சொல்ல முடியாத நாட்கள் அவை. 30ஆம் திகதி இரவு என்ன நடந்தது என்று இந்த மண்டபத்தில் பாதிப்பேருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. மழை. முன்னுக்கும் போக முடியாது, பின்னுக்கும் திரும்ப முடியாது. அந்த இரவு முழுக்க என் பிள்ளை அழவில்லை. துவாயால் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீனால் மூடி, என் நெஞ்சோடு கிடந்தாள். பக்கத்தில் வந்தவர்களுடைய குழந்தைகள் எல்லாம் கத்தின. என் மாமி எல்லோருக்கும் கேட்கச் சொன்னா, "எங்கட பிள்ளை நல்ல பிள்ளை, நிலைமை விளங்கின பிள்ளை" என்று. எனக்கும் பெருமையாக இருந்தது.

தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறையில் ஒன்பது குடும்பம். 31ஆம் திகதியும் பிள்ளை நித்திரை. பால் கொடுத்தேன், அல்லது கொடுத்ததாக நினைத்தேன். முலையில் வைத்தால் வாய் அசையும், பிறகு நின்றுவிடும். களைத்துப்போன பிள்ளை, நித்திரை கொள்ளட்டும் என்று விட்டேன். நானும் மூன்று நாள் கண் மூடாதவள்.

நவம்பர் முதலாம் திகதி காலை பக்கத்துக் குடும்பத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் எங்கள் பாய்க்குக் கிட்ட வந்தார். பழைய மருத்துவமாது, ஓய்வெடுத்து எத்தனையோ வருடம். "பிள்ளையை வெளியில கொண்டு வா" என்றார். விறாந்தையில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தோம். தன் விரலால் பிள்ளையின் மூக்கு நுனியை மெதுவாக அழுத்தி எடுத்தார். பிறகு நெஞ்சில், பிறகு தொடையில். விரல் எடுத்த இடம் எல்லாம் மஞ்சள்.

"எப்ப கடைசியா மூத்திரம் போனது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

"கக்கா என்ன நிறம்?"

கறுப்பு என்றேன். ஐந்தாம் நாளும் கறுப்பு.

"நீ நேர்ஸ் எல்லே?" என்றார் அவர். திட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். விடுதியில் இருபது நோயாளருக்கு, எத்தனை மில்லிலீற்றர் உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று நாள் தவறாமல் எழுதியவள், என் பிள்ளைக்கு ஒரு துண்டுக் கடதாசியில்கூட ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன். இதற்குள் அந்த மஞ்சள் என்ன என்பதைச் சொல்ல வேண்டும்.

தாய் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்குச் செங்குழியங்கள் நிறைய வேண்டும். பிறந்து மூச்சு எடுக்கத் தொடங்கியதும் அத்தனை தேவையில்லை, மேலதிகமானவை உடையும். உடையும்போது வருவது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள். அதைப் பதப்படுத்திக் குடலுக்கு அனுப்ப வேண்டியது ஈரல். பிறந்த பிள்ளையின் ஈரல் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள் மாதிரி, கொஞ்சம் மெதுவாகத்தான் செய்யும். அதனால் நிறைமாதப் பிள்ளைகளில் பத்துக்கு ஆறு பேர் முதல் கிழமையில் மஞ்சளாவார்கள், மாதம் குறைந்து பிறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர். இரண்டாம் மூன்றாம் நாள் தெரியத் தொடங்கி, மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் உச்சத்துக்குப் போய், இரண்டு கிழமைக்குள் தானாகவே போய்விடும். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கதை அவ்வளவுதான்.

ஆனால் ஈரல் குடலுக்கு அனுப்பிய மஞ்சள் மலத்தோடு வெளியே போக வேண்டும். முதல் நாட்களின் அந்தக் கறுப்பு மலம், கிழவிகள் காட்டுப்பீ என்பார்கள், அதற்குள் மஞ்சள் நிறையக் கிடக்கிறது. அது குடலில் தங்கினால் மஞ்சள் திரும்பவும் இரத்தத்துக்குள் உறிஞ்சப்படும். மலத்தைத் தள்ளுவது பால். முதற்பால் கொஞ்சமாக, கெட்டியாக வரும், அதற்கு இயற்கையாகவே மலமிளக்கும் குணம் உண்டு. இப்போது பாருங்கள்: மஞ்சள் ஏற நித்திரை கூடும். நித்திரை கூடப் பால் குறையும். பால் குறைய மலம் தங்கும். மலம் தங்க மஞ்சள் ஏறும். செக்கு மாடு மாதிரி ஒரே வட்டம். இந்த வட்டத்தை எங்காவது ஓர் இடத்தில் வெட்ட வேண்டும். வீட்டில் நமது கைக்கு எட்டும் இடம் பால் மட்டும்தான்.

அதனால்தான் பசித்தால் பிள்ளை தானே அழும் என்ற பொதுவான அறிவுரை இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. இந்தப் பிள்ளை பசித்தாலும் அழாது. அழுவதற்கும் சக்தி வேண்டும். 24 மணித்தியாலத்தில் எட்டுத் தடவைக்குக் குறையாமல், முடிந்தால் பத்து, பன்னிரண்டு தடவை குடிக்க வேண்டும். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை கொள்ள விடக்கூடாது, இரவிலும்தான். மணிக்கூட்டைப் பார்த்து எழுப்புவது பாவம் என்று நினைக்கும் அம்மம்மாமார் இங்கே இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். "நித்திரை கொள்ளுற பிள்ளையை எழுப்பாதை" என்பது எங்கள் வீடுகளில் சட்டம் மாதிரி. ஒரு மாதம் போய், பிள்ளை நிறை கூடி வளரும்போது அந்தச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். முதல் இரண்டு கிழமைக்கு அதை நிறுத்தி வையுங்கள்.

எப்படி எழுப்புவது? துணியைக் கழற்றுங்கள். நாங்கள் செய்வது நேர் எதிர், ஏணைக்குள் சுற்றிச் சுற்றிப் போர்த்துக் கட்டி வைக்கிறோம், அந்தச் சூட்டில் பெரிய மனிதரே நித்திரை கொள்வார்கள். நப்கின் மட்டும் விட்டு, தாயின் வெறும் நெஞ்சில் பிள்ளையின் வெறும் உடம்பு படும்படி வைத்து, முதுகுக்கு மேல் ஒரு மெல்லிய துணி போடுங்கள். தாயின் மணத்துக்குப் பிள்ளை தலையை ஆட்டித் தேடத் தொடங்கும். இல்லாவிட்டால் முதுகைத் தடவுங்கள், உள்ளங்காலைத் தடவுங்கள், இருக்கும் நிலைக்கு நிமிர்த்துங்கள், நப்கினை மாற்றுங்கள். குளிர்ந்த தண்ணீர் தெளிப்பது, காலில் சுண்டுவது எல்லாம் வேண்டாம்.

முலையில் பிடித்த பிறகு, வாய் அசைகிறதா என்று பார்க்க வேண்டாம், விழுங்குகிறதா என்று பாருங்கள். விழுங்கும்போது நாடி கீழே இறங்கி ஒரு கணம் நிற்கும், மெல்லிய சத்தம் கேட்கும். நான் பாதையோரத்தில் பார்த்தது வாய் அசைவு மட்டும்தான். சூப்புவது நின்றால் தாய் தன் முலையைக் கையால் மெதுவாக அமுக்கிப் பிடிக்க வேண்டும். பால் பாயும், பிள்ளை திரும்பவும் விழுங்கும். அதற்கும் சரிவராவிட்டால் எழுப்பி மறுபக்கம். மண்டபத்தில் ஆண்களும் இருக்கிறார்கள் என்று செயலாளர் எனக்குக் கண் காட்டுகிறார். இருக்கட்டும், கேட்கட்டும். இரவு இரண்டு மணிக்கு நப்கின் மாற்றி எழுப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இவ்வளவு செய்தும் பிள்ளை இழுக்காவிட்டால் பாலைக் கையால் எடுங்கள். அந்த அம்மா அன்று எனக்கு வகுப்பறைச் சுவரோடு சாய்த்து இருத்திச் சொல்லித் தந்த முறைதான் இன்றும் நாங்கள் தாய்மாருக்குச் சொல்லித் தருவது. பெருவிரலும் சுட்டுவிரலும் கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் எதிரெதிராக. முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னால் அழுத்து, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கு, பிறகு விடு. தோலில் இழுத்து வழுக்கக்கூடாது. இடத்தை மாற்றி மாற்றிச் செய். முதல் சில நிமிடம் ஒன்றும் வராது, மனம் உடைந்து நிறுத்திவிடாதே. எனக்கு வந்தது ஒரு தேக்கரண்டிகூட இல்லை. நான் அழுதேன். "முதல் நாள் பிள்ளையின்ர வயிறு கொள்ளுறதே ஒரு தேக்கரண்டி மட்டுக்குத்தான், இது மருந்து, ஒரு சொட்டும் சிந்தாதை" என்றார் அவர். பிளாஸ்க் மூடியைக் கொதிநீரில் அவித்து எடுத்து அதில்தான் எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் பிள்ளை குடித்த பின்பும் எடுக்க வேண்டும், இரவிலும் சேர்த்து. எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். எடுக்காமல் விட்டால், பிள்ளை விழித்துக் குடிக்கத் தயாராகும் நாளில் பால் குறைந்து போயிருக்கும்.

எடுத்த பாலைப் போச்சியில் ஊற்ற வேண்டாம், சிறிய கோப்பை அல்லது கரண்டி போதும். பிள்ளையை நிமிர்த்தி மடியில் இருத்தி, கோப்பையின் விளிம்பு கீழ் உதட்டில் படும்படி, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சரியுங்கள். பூனைக்குட்டி மாதிரி நாக்கால் நக்கிக் குடிக்கும். வாய்க்குள் ஊற்றக்கூடாது. இதைக் கவனமாகக் கேளுங்கள்: எழுப்பியும் எழும்பாத பிள்ளையின் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், சுவாசக் குழாய்க்குள் போய்விடும். எழும்பாத பிள்ளைக்கு வீட்டில் வைத்தியம் இல்லை. உடனே வைத்தியசாலை.

பால் போதுமா என்று எப்படித் தெரியும்? முலையைப் பார்த்துத் தெரியாது, பிள்ளையின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் தெரியும். முதல் நாள் ஒரு தடவையாவது மூத்திரம், இரண்டாம் நாள் இரண்டு, அப்படியே கூடி ஐந்தாம் நாளில் இருந்து ஆறு அல்லது அதற்கு மேல். மலம் கறுப்பில் இருந்து பச்சையாகி, ஐந்தாம் நாள் அளவில் மஞ்சளாக வேண்டும். என் பிள்ளையின் ஐந்தாம் நாள் கறுப்பு என்ன சொன்னது என்று இப்போது உங்களுக்கு விளங்கும். பிறந்த நிறையில் ஏழு, எட்டு வீதம் குறைவது இயல்பு. பத்து வீதத்துக்கு மேல் குறைந்தால் யாராவது பொறுப்பானவர் பார்க்க வேண்டும். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். நேரம், எந்தப் பக்கம், மூத்திரம், மலத்தின் நிறம். இன்றைய நப்கின்கள் ஈரத்தை முழுக்க உறிஞ்சிவிடுவதால் முதல் கிழமைக்குப் பழைய பருத்தித் துணியே எனக்குப் பிடிக்கும். அது பொய் சொல்லாது.

எங்கள் ஊர்ப் பழக்கங்கள் சிலவற்றையும் தொட வேண்டும். தண்ணீரும் சீனித்தண்ணீரும் குளுக்கோஸ் தண்ணீரும் மஞ்சளைக் கழுவிவிடும் என்று நினைக்கிறார்கள். மஞ்சள் போக வேண்டிய வழி மூத்திரம் அல்ல, மலம். தண்ணீர் வயிற்றை நிரப்பும், பாலுக்கு இடம் இராது. கோரோசனை, வசம்பு, கீழ்காய்நெல்லிச் சாறு எதுவும் வேண்டாம். பெரியவர்களுக்கு வரும் செங்கண்மாரியும் இந்தப் பிள்ளையின் மஞ்சளும் பெயரில்தான் ஒன்று. தாய் மஞ்சள் நிறச் சாப்பாடு சாப்பிட்டதால் பிள்ளைக்கு மஞ்சள் வந்தது என்பதும் பிழை. பாவம், சரக்குக்கறியும் சோறும் தவிர வேறு ஒன்றும் கொடுக்காமல் அவளைப் பட்டினி போடாதீர்கள். இன்னொன்று, அதிகம் பேர் அறியாதது: மூத்த பிள்ளையின் உடுப்புகளை நப்தலீன் உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்து, அடுத்த பிள்ளைக்கு அப்படியே எடுத்துப் போடுகிறோம். சில பிள்ளைகளின் செங்குழியங்களில் ஜீ-சிக்ஸ்-பீ-டீ என்ற ஒரு பொருள் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு அந்த வாசனையே போதும், குழியங்கள் ஒரேயடியாக உடைந்து மஞ்சள் வேகமாக ஏறும். உடுப்பைத் தோய்த்து வெயிலில் நன்றாகக் காயவையுங்கள், அதைவிட நல்லது அந்த உருண்டையையே வீட்டில் வைக்காதது.

இளவெயிலைப் பற்றி நிச்சயம் கேட்பீர்கள். அதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் உள்ள றொச்ஃபோர்ட் பொது வைத்தியசாலையில், மாதம் குறைந்து பிறந்த பிள்ளைகளைப் பராமரித்த பிரிவுக்குப் பொறுப்பாக ஜீன் வார்ட் என்ற தாதி இருந்தார். வெயில் நாட்களில் பிள்ளைகளை முற்றத்துக்குக் கொண்டு போவார். ஒரு நாள் வைத்தியர்களிடம் ஒரு பிள்ளையைக் காட்டினார். உடம்பு வெளிறியிருந்தது, துணி மூடியிருந்த இடம் மட்டும் கடும் மஞ்சளாக இருந்தது. பிறகு வெயில்பட்ட ஜன்னலில் தவறுதலாக விடப்பட்ட இரத்த மாதிரி ஒன்றில் பிலிரூபின் குறைந்திருந்ததையும் கண்டார்கள். வைத்தியர் றிச்சாட் கிரெமரும் குழுவினரும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1958இல் லான்செற் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் உள்ள ஒளிச்சிகிச்சை அதில் இருந்து வந்தது. ஒரு தாதியின் கண் கண்டது என்று நான் எங்கே போனாலும் சொல்வேன், எங்கள் ஆட்களுக்குப் பெருமை வேண்டாமா?

அப்படியென்றால் வெயில் நல்லதுதானே என்பீர்கள். வேலை செய்வது வெளிச்சத்தின் நீலப் பகுதி. ஒளிச்சிகிச்சையில் அந்த நீலத்தை மட்டும், அளவோடு, பிள்ளையின் வெறும் உடம்பு முழுவதிலும், கண்ணை மூடிக்கட்டி, மணிக்கணக்காகக் கொடுக்கிறோம். தோலில் இருக்கும் பிலிரூபின் ஈரலின் உதவி இல்லாமலே வெளியேறக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது. முற்றத்தில் துவாய்க்குள் சுற்றிய பிள்ளையின் முகத்தில் பத்து நிமிடம் படும் வெயில் அதைச் செய்யாது. உடுப்பைக் கழற்றி அதிக நேரம் வைத்தால் பிள்ளை சூடேறிக் காய்ந்துபோகும், தோல் எரியும். எல்லாவற்றையும்விட மோசமானது, "நாளைக்கும் வெயில் காட்டிப் பார்ப்பம்" என்று போகும் ஒரு நாள். நான் வேலை செய்த காலத்தில் பிந்தி வந்த பிள்ளைகளில் அநேகர் வெயில் காட்டிக்கொண்டிருந்த வீடுகளில் இருந்து வந்தவர்கள்.

விளக்கின் கீழ் வைத்தாலும் பால் நிற்பதில்லை. எடுத்துக் கொடுத்து, திரும்ப வைப்போம். சில தாய்மாருக்கு அந்த நேரத்தில் வைத்தியர் கொஞ்சப் பால்மா சேர்க்கச் சொல்வார். தாயின் பால் எடுத்தும் போதாமல், பிள்ளையின் நிறை இறங்கி, மஞ்சள் ஏறும்போது அது சரியான முடிவு. பால்மா விற்பவர்களில் எனக்குள்ள கோபம் வேறு, அந்தத் தாயின் நிலைமை வேறு. இரண்டு நாளைக்கு அளவோடு கொடுத்த பால்மாவுக்காக ஒரு தாய் தன்னைக் குற்றவாளியாக நினைத்து அழுவதை நான் எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன். முலையை விடாமல், எடுப்பதை விடாமல் இருந்தால் அநேகர் பால் மட்டுமே கொடுக்கும் நிலைக்குத் திரும்புவார்கள்.

எப்போது ஓட வேண்டும்? பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், எத்தனை நன்றாகக் குடித்தாலும், உடனே. தாய் ஓ குருதியினமாகவோ றீசஸ் மறையாகவோ இருந்தால் இன்னும் விழிப்பு வேண்டும். மஞ்சள் காலுக்கு இறங்கினால், எழுப்ப முடியாவிட்டால், துணிபோல் துவண்டால், கீச்சென்று வேறு மாதிரி அழுதால், முதுகை வில்லாக வளைத்தால், காய்ச்சல் இருந்தால், நடுச்சாமம் என்று பார்க்காதீர்கள். மஞ்சளின் அளவைக் கண்ணால் சொல்ல எனக்கே முடியாது, முப்பது வருடம் பார்த்த பிறகும். எங்கள் தோல் நிறத்தில் அது இன்னும் கடினம். கண்ணின் வெள்ளையையும் முரசையும் பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சந்தேகப்படலாம், இரத்தப் பரிசோதனைதான் அளவைச் சொல்லும். இரண்டு கிழமை தாண்டியும் மஞ்சள் இருந்தால், பிள்ளை கொழுகொழுவென்று இருந்தாலும் காட்டுங்கள். தாய்ப்பால் குடிக்கும் சில பிள்ளைகளுக்கு அது பல கிழமை நீடிப்பது தீங்கற்றது. ஆனால் மலம் வெள்ளைக் களிமண் மாதிரிப் போனால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், அதற்கான சத்திரசிகிச்சையை முதல் இரண்டு மாதத்துக்குள் செய்வது நல்லது.

இங்கே முதல் பத்து நாளுக்குள் குடும்பநல மருத்துவமாது இரண்டு தடவை வீட்டுக்கு வர வேண்டும் என்பது முறை. வந்தால் வாசலில் வைத்துத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பாமல், பிள்ளையைத் துணி கழற்றிக் காட்டுங்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கச் சரக்குத்தூளோடு விமானம் ஏறும் தோழிகளுக்கு ஒன்று: அங்கே ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், மஞ்சள் உச்சத்துக்குப் போவது அதற்குப் பிறகுதான். பார்க்க வரச் சொன்ன திகதியைத் துடக்கு என்றோ குளிர் என்றோ தவறவிடாதீர்கள். வட்சப்பில் எனக்குப் படம் அனுப்பி "மஞ்சளோ, அக்கா?" என்று கேட்காதீர்கள். தொலைபேசித் திரையில் எல்லாப் பிள்ளையும் மஞ்சள்தான்.

என் மகளை அன்று பின்னேரம் சைக்கிளில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். காலையில் இருந்து அந்த அம்மா இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுப்பிக் கரண்டியால் கொடுத்ததில் ஒரு தடவை மூத்திரம் போயிருந்தாள். அங்கே ஜெனரேற்றர் ஓடிய மணித்தியாலங்களில் மட்டும் விளக்கின் கீழ் வைத்தார்கள். ஆறு நாள் இருந்தோம். மஞ்சள் இறங்கியது, பால் குடித்தாள், நிறை கூடினாள். இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. பரிசோதித்தபோது இரண்டு காதிலும் கேட்கும் சக்தி மிகக் குறைவு. அந்த மஞ்சள்தான் காரணம் என்று யாரும் அறுதியாகச் சொல்லவில்லை, அன்று அளவெடுத்த கடதாசி ஒன்றும் எங்களிடம் இல்லை. ஆனால் மஞ்சள் அதிகமாகி மூளைக்குப் போனால் முதலில் பாதிக்கப்படுவதில் ஒன்று கேட்கும் நரம்பு என்பது எனக்குத் தெரியும். அதன் பிறகுதான் நான் கேட்டு, எழுதி, சண்டை பிடித்துப் பிறந்த குழந்தைகளின் பிரிவுக்கு மாற்றம் எடுத்தேன். அந்த அம்மாவைப் பிறகு எவ்வளவோ தேடினேன். எந்த ஊருக்குத் திரும்பினார் என்று தெரியவில்லை.

மகள் காதுக் கருவியோடு படித்தாள், இந்தக் கல்லூரியில்தான். முன்வரிசையில் இருக்கும் ஆசிரியைகள் சிலருக்கு அவளைத் தெரியும். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று பேசாமல், அவளுக்காக வகுப்பைப் பார்த்து நின்று பேசப் பழகியவர்கள் நீங்கள். அதற்கு இன்றுதான் மேடையில் நன்றி சொல்ல வாய்ப்புக் கிடைத்தது.

இப்போது அவள் ஸ்காபரோவில் இருக்கிறாள். போன வருடம் அவளுக்கும் ஒரு பெண் பிள்ளை, 37 கிழமை முடிய இரண்டு நாள் இருந்தது. எனக்கு விசா பிந்திவிட்டது. மூன்றாம் நாள் பிள்ளை மஞ்சள், நித்திரை. இரத்தப் பரிசோதனை செய்து, விளக்குத் தேவையில்லை, அடுத்த நாள் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரவில் அவள் காதுக் கருவியைக் கழற்றி வைப்பவள், பிள்ளை அழுதாலும் கேட்காது. நான் இங்கே இருந்து தவித்துப்போய் "எப்படி எழும்புவாய்?" என்று எழுதிக் கேட்டேன். தலையணைக்குக் கீழே அதிரும் மணிக்கூடு வைத்திருப்பதாகப் பதில் எழுதினாள். இரண்டரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அதிருமாம். அழும் வரை காத்திருக்கும் பழக்கமே அவளுக்கு இல்லை.

விடியக் கொப்பியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். "2.10 இடது. விழுங்கினாள். மூத்திரம். 4.40 எழும்பவில்லை, உடுப்புக் கழற்றினேன், எழும்பினாள். வலது. கரண்டியால் 10 மில்லி. 7.15 இரண்டு பக்கமும். மூத்திரம். மலம் பச்சை, கொஞ்சம் மஞ்சள்."

மிச்சக் கேள்விகளைத் தேநீர் நேரத்தில் கேளுங்கள், நான் அந்த வேம்புக்குக் கீழே இருப்பேன்.